ஐந்து தலை

ஒஸ்ட்ராவாவில் டிராம் திரும்பும் மூலையில்
தரைக்குக் கீழே என் பட்டறை.
சன்னலில் ஊர் முழுக்கக் கால்தான்.
அன்று வந்த பூட்ஸில் சாணம் இருந்தது.

கன்றுக்குட்டியைத் தூக்கும் பிடியில்
தூக்கிவந்து மேசைமேல் வைத்தாள் ஹெட்விகா:
தொண்ணூற்றிரண்டாம் வருடத்துக் கணினி.
மஞ்சள் ஏறிய பெட்டி,
காற்றோட்டத் துளையில் வைக்கோல்.

"தட்டினால்தான் எழும்."
"எங்கே தட்டணும்?"
"இடது பக்கம். ஒரே தட்டு. கோபம் கூடாது."
அடி உதவுகிற மாதிரி
அண்ணன் தம்பி உதவமாட்டான், சரி.
போன வாரம் அடியும் கைவிட்டது.
முட்டி வீங்கியதைக் காட்டினாள்.

நாற்பது மெகாபைட் ஹார்டு டிஸ்க்.
இப்போதைய கேமராவில் பத்துப் படம் கொள்ளாது.
அதற்குள்தான் அவளுடைய மாடுகள்:
ஸ்ட்ரச்சேனா, மாலினா, யகோடா,
யகோடாவின் மகள், அவள் மகள்,
எது எப்போது சினைப்பட்டது, எந்தக் காளைக்கு,
எந்த மழையில் மடி வீங்கியது.
நிரல் எழுதியவன் அவளுடைய முன்னாள் கணவன்.
தினமும் காலை ஐந்து மணிக்கு
பச்சை எழுத்தில் அவன் பெயர் வந்துபோன பிறகுதான்
மாடுகள் வரும்.
"அந்த வரியை எடுத்துவிடட்டுமா?"
"வேண்டாம். பெயர்தானே. பேசவா செய்கிறது?"

கழற்றி, உள்ளங்கையில் படுக்கவைத்து,
ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுகிற மாதிரி
மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினேன்.
உள்ளே ஒட்டியிருந்தது விட்டது.
ஒரு முனகல், பிறகு ஓட்டம்.
பதினொரு நிமிடம்.
நானும் அவளும் சதவீதத்தைப் பார்த்தபடி
ஆறிப்போன காப்பியைக் குடித்தோம்.
கடைசித் துண்டு என் கணினிக்கு வந்து சேர்ந்ததும்
க்ளிக்.
க்ளிக்.
அப்புறம் எவ்வளவு திருகியும் இல்லை.

மாற்றாக வைத்தது ஒரு மெமரி கார்டு.
தீப்பெட்டி அளவு, நான்கு ஜிபி,
ஞாயிற்றுச் சந்தையில் அறுபது கொருனா.
அழிக்குமுன் திறந்து பார்ப்பது என் கெட்ட பழக்கம்.
யாரோ ஒருத்தியின் கல்யாணம்.
தேவாலயப் படி, மோதிரம் விழுந்து தேடுகிறவர்கள்,
மழை, ஒரு குடைக்குள் ஏழு பேர்,
மேசைவிரிப்புக்குக் கீழே
ஒரு ஷூவோடு தூங்கும் சிறுமி.
எண்ணூறு படம். விற்றவனுக்கும் தெரியாது யாரென்று.

பழைய கணினி புதிதாக எதையும் நம்பாது.
அதற்குத் தெரிந்த அளவைச் சொல்லவேண்டும்:
உருளை தொள்ளாயிரத்து எண்பது,
தலை ஐந்து,
தடத்துக்குப் பதினேழு துண்டு.
உருளையும் கிடையாது, சுழலவும் தெரியாது கார்டுக்கு.
தலையே இல்லாததை
ஐந்து தலை என்று சாதிக்கவைத்தேன்.
கேட்டது. நம்பியது. எழுந்தது.
பச்சையில் அவன் பெயர்.
பிறகு ஸ்ட்ரச்சேனா.

மூன்றாம் நாள் போன் செய்தாள்.
"சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று
கையை வைத்துப் பார்க்கிறேன்."
ஓடும், என்றேன்.
"அந்தக் கார்டு எவ்வளவு பெரியது?"
உங்கள் தொழுவம் போல நூறு கொள்ளும்.
"மிச்ச இடத்தில் என்ன இருக்கிறது?"

சொல்லாமல் விட்டிருக்கலாம்.
முதல் பத்துப் பன்னிரண்டு படத்தின்மேல்தான்
மாடுகள் ஏறி நிற்கின்றன.
படிக்கட்டு போயிருக்கும், மோதிரம் போயிருக்கும்.
அதற்கப்பால் அந்த இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது,
ஆகவே எதையும் தொடாது:
குடை, ஏழு பேர், ஒற்றை ஷூ.

"ஒரு கல்யாணம்" என்றேன்.

கம்பியில் வாளி உரசும் சத்தம் கேட்டது.
யாரையோ நகரச் சொல்லி அதட்டினாள்; மாடாக இருக்கும்.
"யாருடையது?"
"தெரியாது."
"சரி, இருக்கட்டும்.
காலை ஐந்து மணிக்கு
இங்கே யார் கல்யாணம் பார்க்கப்போகிறார்கள்?"